சீர்த்தட்டில் ஒரு வாடகை வண்டி

வளைகாப்பு என்றால் கை நிறைய கண்ணாடி வளையல், விதவிதமாய்க் கலந்த சோறு, தட்டுத் தட்டாகப் பழம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கவுஞ்சி மாதிரியான கொடைக்கானல் மேல்மலை ஊரில் நிறைமாதக்காரிக்குத் தேவை வேறு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பூண்டை நாம் சுமந்துபோக வேண்டாம்; 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அவர்கள் காட்டிலேயே விளைகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் வைத்து அரசே பெட்டகம் தருகிறது. கிடைக்காதது, நடுராத்திரி வலி கண்டால் பனிமூட்டத்தில் வளைவுகளைத் தாண்டி நேரத்தோடு கொடைக்கானல் போய்ச் சேருவோம் என்ற தைரியம்தான். கூப்பிட்டால் 108 ஆம்புலன்ஸ் வரும். மழையில் மரம் விழுந்தால் அதுவும் வழியில் நிற்கும். ஆகவே சீர் செய்கிறவர்கள், நாள் நெருங்கும்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க ஓர் அறைக்கும் வண்டிக்கும் பணம் கட்டிவிடுங்கள். கூடவே ஒரு பை: கம்பளித் தொப்பி, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித் துணி, தாய்சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் எழுதிய சீட்டு. அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் இரண்டு பேரின் செல்போன் எண்களும் அந்தப் பையில் இருக்கட்டும். யார் எத்தனை தட்டு வைத்தார்கள் என்று எண்ணுகிற சொந்தபந்தம், இதையும் சீர்க்கணக்கில் சேர்த்தால் நல்லது.