நாயும் மின்சாரப் பட்டையும்

மனிதனுக்குப் பன்னெடுங்காலமாய்த் துணைநிற்கும் விலங்குகளுள் நாய் முதன்மையானது. வேட்டைக்கும் காவலுக்கும் உடன்வந்த அதனை அடக்குதற்கென இந்நாளில் மின்சாரப் பட்டையொன்று விற்கப்படுகின்றது. அதனை நாயின் கழுத்திற் பூட்டித் தொலைவினின்று ஒரு பொத்தானை அழுத்தின், பட்டையிலுள்ள இரு முனைகள் வழியே மின்னதிர்ச்சி பாயும்.

“ஆட்டைத் துரத்தும் நாயை வேறெவ்வாறு தடுப்பது?” என வினவுவோர் உளர். அவர்தம் கவலை பொய்யன்று. ஆயினும், நோவு எங்கிருந்து வந்ததென நாய் அறியாது. அவ்வேளை எதிரே நின்ற குழந்தையே அதற்குக் காரணமெனக் கருதின், அக்குழந்தையைக் கண்டு அஞ்சும், கடிக்கவுங் கூடும். இங்கிலாந்திலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்பட்டையாற் பழக்கிய நாய்கள் பரிசளித்துப் பழக்கியவற்றினும் மேம்பட்டில. ஆட்டுமந்தைகள் மலிந்த வேல்ஸ் நாடோ 2010-இலேயே இதன் உபயோகத்தைத் தடைசெய்தது.

எனக்கு மிக்க அச்சந்தருவது பிறிதொன்று. கோலோங்கியவன் நாயின் கண்ணைக் காண்கின்றான். இரங்கிக் கை தாழ்த்தவுங் கூடும். தொலைவில் நின்று பொத்தானை அழுத்துபவனோ அதனைக் காணான். காணாது துன்புறுத்தப் பழகிய கை நாயோடு நின்றுவிடுமோ? தோழர்காள், எண்ணிப் பார்மின்! பொறுமையுடன் பழக்குதல் நெடிது. ஆயினும் நாய்க்கும் நமக்கும் அதுவே நன்று.