வீட்டுக்கொரு துவரை

"பருப்பில்லாமல் கல்யாணமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்யாணப் பந்திக்கு மட்டுமன்று, அன்றாடச் சாம்பாருக்கும் ஆதாரம் துவரம் பருப்பே. ஆனால் அதைத் தரும் செடியைக் கண்டால் நம்முள் எத்தனை பேர் அடையாளம் சொல்வோம்? திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளை அறிந்த தோழியர் சொல்லிவிடுவர். மதுரை நகருக்குள் வளர்ந்த நாமோ அதை மளிகைக்கடைச் சாக்கில்தான் கண்டிருக்கிறோம். இக்குறை தீர, வீட்டுக்கொரு துவரஞ்செடி வேண்டும் என்பதே நம் கருத்து.

உலகில் துவரையை மிகுதியாக விளைவிப்பது இந்தியா. மிகுதியாக உண்பதும் நாமே. விளைவது போதாமல் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா முதலிய நாடுகளிலிருந்தும் வாங்குகிறோம். 2015-ஆம் ஆண்டில் பல நகரங்களில் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது பெற்றோருக்கு நினைவிருக்கும். விலை ஏறினால் சோறு குறைவதில்லை. சாம்பாரில் பருப்புத்தான் குறைகிறது. அதனால் ஏழைப் பிள்ளைகள் இழப்பது ருசியை மட்டுமா? புரதச் சத்தையும் அல்லவா!

துவரை வளர்ப்பது கடினமன்று. ஆடியில் ஓர் அங்குல ஆழத்தில் விதைத்தால், நீண்டகால இரகங்கள் தை மாத வாக்கில் காய்க்கும். ஆணிவேர் ஆழமாகச் செல்வதால் வறட்சியைத் தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தரும். காய்ப்புழு வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். காய்ந்த மாரும் அடுப்பெரிக்க உதவும்.

பச்சைக் காயை உப்பிட்டு அவித்து உரித்துத் தின்னலாம். பயற்றைக் கத்தரிக்காயுடன் சேர்த்துப் புளிக்குழம்பு வைக்கலாம். முற்றிய துவரையை ஊறவைத்து, செம்மண் பிசறி, வெயிலில் காயவைத்துத் திருகையில் உடைப்பது பாட்டிமார் முறை. தோல் எளிதில் கழன்று பருப்பு இரண்டாகப் பிளக்கும். தோலும் பொட்டும் மாட்டுக்குத் தீனி. திருகை சுற்றும் வேலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. தம்பிமாரும் கை கொடுக்கட்டும்.

"நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பு கிடைக்கையில் இந்தப் பாடு எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், ஒரு செடி ஒரு குடும்பத்தின் தேவையைத் தீர்த்துவிடாது. ஆனால் ஒரு பிடி பருப்புக்குப் பின்னால் ஆறு மாத வெயிலும் மழையும், ஓர் உழவரின் கவலையும் உண்டு என்பதை எந்தக் கடையும் நமக்குக் கற்பிக்காது. அதைக் கற்றவர் தட்டில் மீந்த சாம்பாரைக் கொட்டத் துணியார்.

ஆகவே தோழியரே, அழகுக்கென வைக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளின் அருகே, வரும் ஆடியில் ஒரு துவரை விதைக்கும் இடம் தருவோமாக!