கேட்ச் பிடித்தும் புள்ளி கிடைக்காதது ஏன்? அமெரிக்க ஃபுட்பாலின் 'எலிஜிபிள்' குழப்பம்: ஓர் அலசல்

2023 டிசம்பர் 30. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன். டல்லஸ் கவ்பாய்ஸ் 20, டெட்ராய்ட் லயன்ஸ் 13. ஆட்டம் முடிய 23 விநாடி இருக்கும்போது லயன்ஸ் டச்டவுன் போட, ஸ்கோர் 20-19 ஆகிறது. கிக் அடித்து ஒரு புள்ளி எடுத்தால் சமன். ஆனால் கோச் டான் காம்ப்பெல் ரிஸ்க் எடுக்கிறார். 2 யார்ட் தூரத்திலிருந்து இன்னொரு முறை பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோனால் இரண்டு புள்ளி, ஜெயிச்சாச்சு.

குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பந்தை வீசுகிறார். பிடித்தவர் டெய்லர் டெக்கர், ஜெர்ஸி எண் 68. பக்கத்தில் எதிரணி ஆளே இல்லை. லயன்ஸ் வீரர்கள் துள்ளிக் குதிக்க, புல்வெளியில் மஞ்சள் துணி விழுகிறது. ஃபவுல். புள்ளி கிடையாது.

பந்தை ஒழுங்காகத்தானே பிடித்தார்? பிடித்த விதத்தில் தப்பில்லை. பிடித்த ஆள்தான் பிரச்சினை.

யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது?

இந்த ஆட்டத்தில் ஒரு அணிக்கு 11 பேர். ஆனால் முன்னோக்கி வீசப்படும் பந்தை 11 பேரும் பிடித்துவிட முடியாது. பந்து இருக்கும் கோட்டில் குறைந்தது 7 பேர் நிற்க வேண்டும். அந்த வரிசையின் இரண்டு முனைகளில் நிற்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும்தான் பிடிக்கத் தகுதி உள்ளவர்கள். நடுவில் நிற்கும் ஐந்து பேர் குவார்ட்டர்பேக்குக்குக் காவல். எதிரணியைத் தள்ளி நிறுத்துவதே அவர்கள் வேலை. பந்து கையை விட்டுப் போகும் முன் அவர்கள் கோட்டைத் தாண்டி ஒரு யார்டுக்கு மேல் ஓடினால்கூட ஃபவுல்.

குவார்ட்டர்பேக் பிடிக்கலாமா? பந்தைக் கொடுக்கும் சென்டரின் முதுகை ஒட்டி நின்றால், என்எஃப்எல் விதிப்படி கூடாது. நாலைந்து யார்ட் பின்னால் தள்ளி நின்றால் தாராளமாகப் பிடிக்கலாம். 2018 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் டச்டவுன் கேட்ச் பிடித்தாரே, அது இந்த இடைவெளியால்தான் செல்லுபடியானது.

நிற்கும் இடம் மட்டும் போதாது, முதுகில் உள்ள எண்ணும் சரியாக இருக்க வேண்டும். 50 முதல் 79 வரையும், 90 முதல் 99 வரையும் எண் அணிந்தவர்கள் வரிசையின் முனையிலேயே நின்றாலும் பிடிக்கக் கூடாது. எதிரணி ஒரே பார்வையில் 'இவரை விட்டுவிடலாம், அவரைத் துரத்தணும்' என்று முடிவெடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த எண்காரர் ஆட்டம் தொடங்கும் முன் ரெஃப்ரியிடம் போய், 'இந்த முறை நான் ரிசீவர்' என்று சொல்லிவிடலாம். ரெஃப்ரி அதை எதிரணிக்குச் சொல்லி, மைதான மைக்கிலும் அறிவிப்பார். அன்று சிக்கல் வெடித்தது இங்கேதான்.

அன்று யார் சொன்னது?

டெக்கர் ரெஃப்ரி பிராட் ஆலனை நோக்கி நடந்தார். 58ஆம் எண் பெனே சூவெலும் பக்கத்தில் வந்தார். அதே நேரம் 70ஆம் எண் டான் ஸ்கிப்பர் வெளியிலிருந்து ஓடி வந்தார். அந்த சீசனில் ரிசீவராக அறிவித்துக்கொள்ளும் வேலையை அடிக்கடி செய்தவர் ஸ்கிப்பர். ஆலன் அறிவித்தது 70ஐ. கவ்பாய்ஸிடம் சொல்லப்பட்டதும் 70தான்.

தான் சொன்னதாக டெக்கர் கூறுகிறார். 68 சொல்லவில்லை, 70தான் சொன்னார் என்கிறார் ஆலன். இந்த ஆட்டத்தைப் பற்றி நடுவர்களிடம் முன்கூட்டியே விளக்கியிருந்ததாகச் சொன்னார் காம்ப்பெல். ரீப்ளே பார்த்து மாற்றக்கூடிய விஷயங்களின் பட்டியலில் இது இல்லை என்பதால், தீர்ப்பு அப்படியே நின்றது.

நேர்மையாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் இடறல் இருக்கிறது. யாரிடம் பேசினோம் என்பதை ரெஃப்ரி உறுதி செய்திருக்க வேண்டும். ஆனால் ஒருவருக்குப் பதில் மூவரை அவரை நோக்கி அனுப்பியது லயன்ஸ் வேண்டுமென்றே செய்தது. எதிரணியைக் குழப்பப் போட்ட திட்டத்தில் ரெஃப்ரியும் குழம்பிவிட்டார். எதிரணிக்குத் தெரியப்படுத்தவே இருக்கும் ஒரு விதியை வைத்து ஒளித்து விளையாடினால், இந்த ஆபத்து கூடவே வரும்.

அதன் பிறகு 5 யார்ட் தண்டனை. 7 யார்டிலிருந்து மறுபடி முயற்சி. பந்தை கவ்பாய்ஸ் பறித்தது, ஆனால் அவர்களில் ஒருவர் ஆஃப்சைடு. மூன்றாவது முயற்சியில் பந்து கையில் சிக்கவில்லை. 20-19, கவ்பாய்ஸ் வெற்றி. 30 ஆண்டுக்குப் பிறகு அப்போதுதான் தங்கள் டிவிஷனை வென்றிருந்த லயன்ஸ் ரசிகர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சீசன் முடிவில் இரண்டு அணியும் 12-5 என்ற கணக்கில் நிற்க, பிளே-ஆஃப் வரிசையில் டல்லஸுக்கு இரண்டாம் இடம், டெட்ராய்ட்டுக்கு மூன்றாம் இடம்.

இது முதல் முறையா?

இல்லை. 2015 ஜனவரி பிளே-ஆஃபில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் இதையே தலைகீழாகச் செய்தது. பிடிக்கத் தகுதியுள்ள 34ஆம் எண் ஷேன் வெரீன், 'நான் பிடிக்க மாட்டேன்' என்று அறிவித்துவிட்டு ரிசீவர் நிற்கும் இடத்திலேயே போய் நின்றார். பால்டிமோர் ரேவன்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, பந்து வேறு ஆளிடம் போனது. கொதித்துப்போன ரேவன்ஸ் கோச் ஜான் ஹார்பா மைதானத்துக்குள்ளேயே இறங்கி அதற்கும் தண்டனை வாங்கினார். 35-31 என பேட்ரியாட்ஸ் ஜெயித்தது. அடுத்த இரண்டே மாதத்தில் விதி திருத்தப்பட்டது: அப்படி அறிவிப்பவர் காவல் வீரர்களை ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

டல்லஸ் விவகாரத்துக்குப் பிறகு என்எஃப்எல் அணிகளுக்கு ஒரு விளக்க வீடியோ அனுப்பியது. நெஞ்சுக்கு முன்னால் கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டி, வாயாலும் சொல்ல வேண்டியது வீரரின் பொறுப்பு என்பது அதன் சாரம். அதாவது, பாரம் வீரர் தலையில்.

லயன்ஸ் இந்த வித்தையை விட்டுவிடவில்லை. 2024 அக்டோபரில் அதே ஆர்லிங்டன் மைதானத்துக்குப் போய் கவ்பாய்ஸை 47-9 என்று நொறுக்கியது. இரண்டு மாதம் கழித்து பஃபலோ பில்ஸுக்கு எதிராக, காவல் வீரர் ஒருவர் ரிசீவராக அறிவித்துக்கொண்டு 9 யார்ட் டச்டவுன் கேட்ச் பிடித்தார். கொடி விழவில்லை. பிடித்தவர் 70ஆம் எண், டான் ஸ்கிப்பர்.