எந்தக் கூட்டம் நம் கூட்டம்?



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழைக்குத்தான் பஞ்சம். கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்கு ஊர் சாதிச் சங்கம் இருக்கிறது. அதற்கு மண்டபமும் போர்டும் இருக்கின்றன. மில்லுக்குள் போனால் நிர்வாகம் அமைத்த கமிட்டி இருக்கிறது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தால் அதில் பத்து வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. இத்தனை கூட்டத்திலும் பெயர் உள்ள ஓர் உழைப்பாளிக்கு ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டால், "ஏன் பிடித்தாய்?" என்று கேட்க எத்தனை பேர் வருகிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் மில் தொழிலாளர் முன்பும், கரிசல் காட்டில் கூலிக்குப் போகும் விவசாயத் தொழிலாளர் முன்பும் வைக்கிறோம்.

கூட்டம் சேருவதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. வானம் பார்த்த பூமியில் தனியாளாக எவனும் பிழைத்ததில்லை. கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே திரண்டுதான் அடைக்க வேண்டும். ஆகவே எந்தக் கூட்டத்தையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அதன் கணக்கு யார் கையில்? அதன் தலைவரை நாம் மாற்ற முடியுமா? கூலியைப் பற்றி அங்கே வாய் திறக்க முடியுமா? இந்த மூன்று கேள்விகள் போதும்.

முதலில் உறவின்முறையை எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரத்தில் பிறந்த ஸ்தாபனம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோவிலுக்குள் நுழையக் கூடாது, இன்ன தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் நாடார் மக்கள். மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிப் போன அவர்களுடைய வியாபாரிகள் அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி, கமுதி முதலான ஊர்களில் வண்டியும் மாடும் தங்குவதற்குப் பேட்டை கட்டினார்கள். சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் கிணறும் பள்ளிக்கூடமும் எழும்பின. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டபோது ஒன்றுகூடி நின்றதும் இந்த ஒற்றுமையே. ஒடுக்குமுறையை எதிர்த்து நின்ற வரையில் அது நியாயமான கூட்டம். இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆனால் காலம் மாறியது. ஒரே சாதிக்குள் வர்க்கம் பிரிந்தது. சரக்கு மூட்டைக்குச் சொந்தக்காரன் ஒருவன். அதை முதுகில் சுமப்பவன் வேறொருவன். தறிக்குச் சொந்தக்காரன் ஒருவன். அதில் நெய்பவன் வேறொருவன். இருவரும் ஒரே சாதியாக இருந்து, கூலித் தகராறு வந்தால் சாதிச் சங்கம் என்ன சொல்லும்? "நமக்குள் எதற்கு வழக்கு? வெளியே தெரிந்தால் கேவலம்" என்று சொல்லும். கேவலம் யாருக்கு? வயிறு காய்வது யாருக்கு? முதலாளி தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற சபையில் தொழிலாளி எப்படிப் போனஸ் கேட்பான்? நாம் ஒரு சாதியைக் குறி வைத்துப் பேசவில்லை. தேவாங்கர், சாலியர், தேவர், ரெட்டியார், நாயக்கர் என்று எந்தப் பெயரில் போர்டு தொங்கினாலும் சங்கதி இதுதான். கல்யாணப் பத்திரிகையில் ஏழைக்கு இடம் உண்டு; கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லை.

சாதிக் கூட்டம் உழைப்பாளியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நம் மண்ணே சாட்சி. 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர்க் கலவரம் மூண்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சமத்துவம் கேட்ட இம்மானுவேல் சேகரன் செப்டம்பர் 11-ஆம் தேதி பரமக்குடியில் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் மாண்டார்கள். குடிசைகள் எரிந்தன. எரிந்தவை யாருடைய குடிசைகள்? விதைப்புக்கும் அறுப்புக்கும் போகிற ஏழைகளுடைய குடிசைகள்! கலவரத்துக்குப் பிறகு யாருடைய கூலி உயர்ந்தது? எந்தக் கடன் பத்திரம் கிழிந்தது?

1997-ஐப் பார்ப்போம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி வெறியர்கள் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் ரத்தம் சிந்தியது. கடைசியில் சர்க்கார் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. 1985-இல் பிறந்த நம் காமராஜர் மாவட்டமும் அப்படித்தான் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. பெயருக்காக வெட்டிக்கொண்டோம், இருந்த பெயரும் போயிற்று. பஸ் ஓட்டிய தொழிலாளிக்கு இதில் ஒரு காசு லாபம் உண்டா?

தொழிற்சங்கத்துக்குள்ளேயே சாதி நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பட்டணம் பாடம். 1918 ஏப்ரல் 27-இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது. 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். வெள்ளைக்கார முதலாளி அந்தப் பிளவை வளர்த்தான். புளியந்தோப்பில் தொழிலாளி தொழிலாளியைத் தாக்கினான், போலீஸ் சுட்டது, போராட்டம் தோற்றது. குற்றம் யாருடையது? வேலைக்குப் போனவர்களை மட்டும் திட்டுவது சுலபம். தெருவில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய மனிதனை, மில் வாசலில் மட்டும் "சகோதரா, வா" என்று கூப்பிட்டால் அவன் எப்படி நம்புவான்? காலனிக்குள் கால் வைக்காத சங்கம் மில் வாசலில் ஜெயிக்காது!

அடுத்தது, முதலாளி கட்டிக் கொடுக்கும் கூட்டம். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பான். குடும்பத்தில் மூத்தவன் மட்டும் லாபத்தைத் தின்பதுண்டா? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் நடந்ததைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஊதியக் கோரிக்கையோடு, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் பெரிய கோரிக்கை. நிர்வாகம் தொழிலாளர் கமிட்டி என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதோடுதான் பேசுவேன் என்றது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரக் கூடாது என்றும் தடை போட்டது. 37 நாள் போராடினார்கள். பிறகு வழக்கு நடந்தது. 2025 ஜனவரி 27-இல் அவர்களுடைய சங்கம் பதிவு பெற்றது. முதலாளி இவ்வளவு அஞ்சியது எதற்கு? தன் பிடிக்குள் அடங்காத கூட்டம் என்பதற்குத்தான்!

மூன்றாவது, போனில் இருக்கும் கூட்டம். இதை வெறுத்து ஒதுக்க நாம் பழைமைவாதிகள் அல்ல. நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் மில்லுக்கு வருகிற பெண்ணுக்கும், அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் நிற்கிறவருக்கும் ஒரே நிமிஷத்தில் சேதி சொல்லலாம். சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பலாம். ஆனால் அதே குழுவில் ஒருவன் பொய் வதந்தியை விட்டால், அதுவும் ஒரே நிமிஷத்தில் ஊரைக் கொளுத்தும். குழுவின் நிர்வாகியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மேஸ்திரியின் ஆள் உள்ளே இருந்தால் யார் என்ன எழுதினார்கள் என்ற சேதி அன்றே ஆபீஸுக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாட்ஸ்அப் குழு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது.

அமெரிக்காவில் அமேசான் கம்பெனியின் நியூயார்க் கிடங்குத் தொழிலாளர்கள் போனையும் பயன்படுத்தினார்கள். ஆனால் போனோடு நிற்கவில்லை. வேலை முடிந்து வருகிறவர்களைச் சந்திக்கப் பஸ் நிறுத்தத்தில் மாதக்கணக்கில் நின்றார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், ஆள் ஆளாகப் பேசிக் கையெழுத்து வாங்கினார்கள். 2022 ஏப்ரல் 1-இல் எண்ணிய ஓட்டில் சங்கத்துக்கு 2,654, எதிராக 2,131. முகம் பார்த்துப் பேசியதால் கிடைத்த ஓட்டு அது.

இப்போது ஏன் இதைச் சொல்கிறோம்? சட்டம் நம் தலைக்கு மேல் மாறிவிட்டது. 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2020-இல் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பை 2025 நவம்பர் 21-இல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்கிறது. பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டாம் என்கிறது. முன்பு இந்த எல்லை 100 பேர். மில் தொழிலாளரே, உங்கள் ஆலையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

கிராமத்திலும் இதே கதை. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் பாராளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியது. 125 நாள் என்று ஆசை காட்டுகிறது. செலவில் நூற்றுக்கு 40 பங்கை மாநிலத்தின் தலையில் வைக்கிறது. விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. அந்த 60 நாளில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் லாபம் யாருக்கு? இதை எதிர்த்து எந்தச் சாதிச் சங்கமாவது ஆர்ப்பாட்டம் செய்யுமா?

"கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவது சாதிசனம்தானே, சங்கமா வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் ஒன்றுதான்: சங்கம் வர வேண்டும்! ஓர் உறுப்பினர் வீட்டில் துக்கம் என்றால் கொடியோடு முதலில் போய் நிற்க வேண்டும். பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய பழக்கத்தைக் கற்றுக்கொள்வோம்; அதைச் சுற்றி எழுப்பிய சாதிச் சுவரை இடிப்போம். மாதச் சந்தாவுக்கு ரசீது கொடுப்போம். கணக்கை எல்லோர் முன்னும் வாசிப்போம். கூட்டத்தை ஒரு மாதம் ஊரிலும் ஒரு மாதம் காலனியிலும் நடத்துவோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே குவளையில் டீ குடிப்போம். வேனில் வருகிற பெண்களிலிருந்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்போம். போனில் சேதி சொல்வோம். முடிவை நேரில் கூடிக் கை தூக்கி எடுப்போம்.

பிறப்பால் வந்த கூட்டத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. முதலாளி கொடுத்த கூட்டத்தை நாம் கேட்கவில்லை. சந்தா கொடுத்து, கை தூக்கி, நாமே கட்டுகிற கூட்டம் ஒன்றே ஒன்று. மில் தொழிலாளரே, விவசாயத் தொழிலாளரே, சங்கத்தில் சேருங்கள்! சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஒருவரை, சாதி பார்க்காமல், அழைத்து வாருங்கள்!