கேமரன் மலைக் குளிரும் கணினியின் சூடும்

"சார், நம்ம ஊர்ல ஏர்கோனே தேவையில்ல. அப்புறம் கம்ப்யூட்டர ஓவர்கிளாக் பண்ணினா என்ன ஆகிடும்?"

சென்ற ஆண்டு, நான்காம் படிவ இயற்பியல் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம் முடியும் நேரத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. "கணக்குப் போட்டுப் பார்க்கலாமே" என்றேன். மணி அடித்தது. அந்தக் கணக்கை நாங்கள் போடவே இல்லை. மூன்று வாரம் கழித்து அவன் வீட்டுக் கணினி உயிர் விட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவன் அப்பா ஓவர்டைம் பணத்தில் வாங்கிய பழைய கணினி அது. அதில்தான் அவன் அக்கா கல்லூரி இடுபணிகளை எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பள்ளிக்கு வந்தார், சண்டைக்கு அல்ல. "அதுல என்ன சார் கோளாறு?" என்று மட்டும் கேட்டார். வகுப்பில் போடாமல் விட்ட கணக்கை இங்கே போடுகிறேன்.

செயலி ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. 3.6 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 360 கோடி தாளம். தொழிற்சாலை குறித்துக் கொடுத்த அந்த வேகத்துக்கு மேல் நாமே கூட்டி வைப்பதுதான் ஓவர்கிளாக்கிங். விளையாட்டில் வினாடிக்கு வரும் பிரேம்களின் எண்ணிக்கை கூடும், படம் திக்கித் திணறாமல் ஓடும் என்பது ஆசை.

தொழிற்சாலை ஏன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிறது? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே செடியின் கொழுந்து காய்ந்து வந்த பிறகு சல்லடையில் சலித்து, இலைரகம், பி.ஓ.பி., டஸ்ட் என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில்லுகளையும் அப்படித்தான் சோதித்து, தாங்கும் வேகத்துக்கு ஏற்பத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு வேறுபாடு: டஸ்ட் ஒருபோதும் இலைரகம் ஆகாது. ஆனால் மெதுவான சில்லு என்று விற்கப்படுவது சில வேளைகளில் வேகமான சில்லாகவே இருக்கும்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. இன்டல் நிறுவனம் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. அந்நிறுவனத்தின் பல செயலிகளின் மேல் 'மலாய்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் செயலியின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், அதாவது 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தின் நாலரை மடங்கு. பஸ் வேகத்தை 100 ஆக்கியதும் அது 450-இல் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-க்குப் பக்கத்தில் போய் நின்றது. ஓவர்கிளாக்கிங் உலகம் முழுக்கப் பரவியதில் அந்தச் சில்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அது அந்தக் காலம். இன்றைய செயலிகள் தங்கள் வெப்பநிலையைத் தாங்களே அளந்து, இடம் இருந்தால் தாங்களே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நாம் கையால் கூட்ட மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

இப்போது கணக்கு. 3.6-இலிருந்து 4.0 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் வேகம் 11 விழுக்காடு கூடும். விளையாட்டு இப்போது வினாடிக்கு 50 பிரேம் தருகிறது என்றால் ஒரு பிரேமுக்கு 20 மில்லிவினாடி. தாமதம் முழுக்கச் செயலியால்தான் என்றால் அது 18 மில்லிவினாடியாகும். 55 பிரேம் கிடைக்கும். தாமதம் கிராஃபிக்ஸ் அட்டையால் என்றால்? அதே 50-தான். கொழுந்து பறிப்பவர் எவ்வளவு வேகமாகப் பறித்தாலும் லோரி ஒன்றுதான் என்றால் மூட்டைகள் ஓரத்தில் காத்துக் கிடக்கும். என் மாணவன் கணினியில் இருந்தது பழைய கிராஃபிக்ஸ் அட்டை. அவன் தவறான இடத்தில் வேகம் கூட்டியிருக்கிறான்.

செலவுப் பக்கம் பார்ப்போம். வேகம் கூடினால் செயலி தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். 1.2 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட் என்று வையுங்கள். செயலி உறிஞ்சும் மின்திறன் வேகத்தின் மடங்காகவும் மின்னழுத்தத்தின் வர்க்கமாகவும் கூடுகிறது. 1.3-இன் வர்க்கம் 1.69, 1.2-இன் வர்க்கம் 1.44. வகுத்து, 1.11-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 1.3 வரும். 65 வாட் 85 வாட் ஆகிவிட்டது. 11 விழுக்காடு வேகத்துக்கு 30 விழுக்காடு கூடுதல் சூடு! இந்த வர்க்கத்தைத்தான் இணையக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை.

நம் மலைக்குளிர் இதைச் சமாளிக்காதா? மாலையில் தானா ராத்தாவில் 18 பாகை செல்சியஸ், ஈப்போவில் 30 என்று கொள்வோம். 85 வாட்டில் செயலி அறை வெப்பத்தைவிட 59 பாகை கூடுதலாகச் சூடாகிறது என்றால் ஈப்போவில் 89, இங்கே 77. 12 பாகை இலாபம் என்று மாணவன் சொன்னது சரிதானே என்று தோன்றும்.

அவன் மறந்தது காற்றை. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுவது உங்களுக்குத் தெரியும். காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஈப்போ காற்றைவிட நம் காற்றின் அடர்த்தி 12 விழுக்காடு குறைவு. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்றின் பொருண்மை குறைகிறது. இதனால் அந்த 59 பாகை பத்து விழுக்காடு வரை கூடலாம் என்று வைத்தால் 65 ஆகும். 18-ஐக் கூட்டினால் 83. மலை கொடுத்த 12 பாகையில் பாதியை மலையே திரும்ப வாங்கிக்கொண்டது. குளிருக்காக ஜன்னலை மூடிவிட்டு, பக்கத்து அறையில் சோறும் பொங்கும் வீட்டில் 18 பாகை ஏது?

பனிமூட்டம் வந்தால் கணினி இன்னும் குளிரும் என்று சிலர் ஜன்னலருகில் வைக்கிறார்கள். செயலிக்கு வியர்ப்பதில்லை, ஈரக்காற்றால் அதற்குத் தனி இலாபம் எதுவும் இல்லை. அணைத்து வைத்த குளிர்ந்த கணினியின் மேல் ஈரம் படிவதுதான் மிச்சம்.

உலகச் சாதனைக்காரர்கள் வேறு வகை. 2022 இறுதியில் ஒரு செயலியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்கள். அது சில நிமிட விளையாட்டு. அந்தக் கணினியில் யாரும் இடுபணி எழுதவில்லை.

சூடு மட்டும் ஆபத்தில்லை. அதிக மின்னழுத்தமே காலப்போக்கில் சில்லின் உள்ளமைப்பைத் தேய்க்கும். 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சில நிலைகுலைந்ததற்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று இன்டல் 2024-இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். என் மாணவன் கணினியில் செயலி பிழைத்தது. மலிவான தாய்ப்பலகையில், செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதிதான் போய்விட்டது. அதன் வெப்பநிலையை அவன் பார்க்கவே இல்லை.

இதனால் ஓவர்கிளாக்கிங் கூடாது என்று சொல்லப்போகிறேன் என நினைக்காதீர்கள். சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும். "கேம்ஸுக்கு நீங்களே வக்காலத்தா?" என்பார்கள். நான்காம் படிவத்தின் வெப்பம், ஐந்தாம் படிவத்தின் மின்சாரம், மின்னணுவியல் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் காட்டும் சோதனை வேறு எது? மாணவர்கள் தாங்களாகவே தேடி வரும் சோதனையும் இது ஒன்றுதான். அதைத் தடை செய்தால் நிறுத்த மாட்டார்கள். இரவில் வீட்டுக்குத் தெரியாமல் செய்வார்கள். அவனும் அப்படித்தான் செய்தான்.

நான் கேட்பது இதுதான்: கழித்துக் கட்டும் பழைய கணினிகளில் இரண்டைப் பள்ளி அறிவியல் கழகத்துக்குக் கொடுங்கள். முதலில் தூசியைத் துடைக்கட்டும், வெப்பப்பசையை மாற்றட்டும், நினைவகம் ஒற்றைப் பலகையா இரட்டையா என்று பார்க்கட்டும். செயலியைத் தொடாமலே பல கணினிகளில் இதனாலேயே பிரேம் கூடும். பிறகு 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, வெப்பநிலை, பிரேம், மின்திறன் மூன்றையும் குறிக்கட்டும். வரைபடம் எங்கே வளைகிறது என்று அவர்களே பார்க்கட்டும். எரிந்தால் எரியட்டும். வீட்டில் எல்லோருக்குமாக இருக்கும் ஒரே கணினியில் மட்டும் வேண்டாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது, என் சொந்தப் பழைய கணினி. அந்த மாணவன் வெள்ளிக்கிழமை தோறும் வந்து குறிப்பெடுக்கிறான். சென்ற வாரம் மின்னழுத்தத்தைக் கூட்டாமல் குறைத்துப் பார்த்தான். சூடு இறங்கியது, வேகம் அப்படியே இருந்தது. ஏன் என்று இன்னும் என்னிடம் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் வர்க்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.