பழைய அரிசி வேறு அரிசிதான்

இலங்கையின் கிழக்கே பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கத்து வயல்களில் பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் நடக்கிறது. அந்த நெல்லைக் காயவைத்துப் பல மாதம் காத்துக் குற்றினால் கிடைப்பதை வேறு அரிசியாகவே கணக்கிட வேண்டும். சேமிப்பில் புரதப் பிணைப்புகள் இறுகுகின்றன. பழைய அரிசி நீரைக் கூடுதலாக உறிஞ்சி, குழையாமல் உதிரியாக வேகிறது. புதிது ஒட்டும். நோன்புக் கஞ்சிக்கு அதுவே நல்லது, புரியாணிக்கு ஆகாது.

விதையும் மண்ணும் ஒன்றுதானே என்பார்கள். பாஸ்மதியிலும் அப்படித்தான், ஆனாலும் இந்திய, பாகிஸ்தான் வணிகர்கள் அதன் வயதைச் சொல்லியே கூடிய விலைக்கு விற்கிறார்கள். பழையதென்று புழுத்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் அறுவடைப் போகத்தையும் ஆண்டையும் மூட்டையில் அச்சிட வேண்டும். நாட்டரிசி, சம்பா, கீரிச்சம்பா என இனம் பார்த்து உச்சவிலை குறிக்கும் அரசு, நெல்லைக் காத்துவைத்த விவசாயியின் செலவுக்கும் அதில் இடம் தர வேண்டும்.