மூணு அடுக்குச் சட்டையும் ஒரு செக்யூரிட்டி அண்ணனும்

இது கொஞ்சம் நீளமான இழை. ஜிம்முக்குப் போறவங்க, யூனிஃபார்ம் போட்டு வேலை பார்க்கிறவங்க, அந்த யூனிஃபார்முக்கு ஆர்டர் கொடுக்கிறவங்க மூணு பேரும் படிக்கணும். மூணாவது ஆளுக்காகத்தான் முக்கியமா எழுதுறேன்.

போன வருஷம் மே மாசம், மதியம் ரெண்டரை மணி. கேஷுவாலிட்டிக்கு ஆட்டோவில் ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. ஐம்பது வயசைத் தாண்டினவர். ஒரு வணிக வளாகத்தோட பார்க்கிங் வாசல்ல நின்னு வண்டிகளை ஒழுங்குபடுத்துற செக்யூரிட்டி. உளறிக்கிட்டிருந்தார், அப்புறம் வலிப்பு. உடம்பு தோசைக்கல்லாட்டம் கொதிக்குது. ஆசனவாய் வழியா வெப்பநிலை பார்த்தா 106 டிகிரியைத் தாண்டியிருக்கு. ஹீட் ஸ்ட்ரோக்.

ஹீட் ஸ்ட்ரோக்குக்கு முதல் மருந்து ஊசி இல்லைங்க. துணியைக் கழட்டி உடம்பைக் குளிர வைக்கிறதுதான். பட்டன் கழட்ட நேரமில்லாம கத்தரிக்கோலை எடுத்தோம். மேல பளபளன்னு பச்சை ஜாக்கெட், மழைக்கோட்டு மாதிரி பூச்சு போட்டது. அதுக்குள்ள கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட முழுக்கை பாலியஸ்டர் சட்டை, டக் இன், நாலு விரல் அகல பெல்ட். அதுக்கும் உள்ள பனியன். ஜாக்கெட்டோட உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. வெளிப்பக்கம் சுத்தமா காய்ஞ்சு கிடக்கு.

அந்த ஜாக்கெட் மேலதான் எனக்குக் கோபம்.

நம்ம உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். வேலை செஞ்சா அது பல மடங்கு. வெளிக்காற்று தோலை விடக் குளிர்ச்சியா இருந்தா வெப்பம் தானாகப் போயிடும். வெளியே 40 டிகிரி, நம்ம தோல் 35 டிகிரின்னா? அப்போ இருக்கிற ஒரே வழி வியர்வை ஆவியாகிறதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகும். ஆனா ஆவியாகணும். தரையில சொட்டுற வியர்வையும் ஜாக்கெட்டுக்குள்ள நிக்கிற வியர்வையும் குளிர்விக்காது. உப்பும் தண்ணியும் நஷ்டம், அவ்வளவுதான்.

இப்போ விளையாட்டு உடைக்கு வருவோம். மலையேறுறவங்க மூணு அடுக்கு போடுவாங்க. தோலை ஒட்டின அடுக்கு வியர்வையை வெளியே இழுக்கும். நடு அடுக்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும். வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்கும். அந்த வெளி அடுக்கில் பெரிய திருப்பம் 1969-ல் வந்தது. பாப் கோர் என்கிற அமெரிக்கர் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்குன்னு இழுத்தப்போ அது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைஞ்ச படலமா விரிஞ்சது. மழைத்துளி நுழைய முடியாது, நீராவி வெளியே போகலாம். கோர்-டெக்ஸ் பிறந்த கதை அதுதான். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனா நீராவி வெளியே போகணும்னா உள்ளே இருக்கிற ஈரப்பதம் வெளியே இருக்கிறதை விட அதிகமா இருக்கணும். பனிமலையில அந்த வித்தியாசம் நிறைய. கடற்கரை ஊர்ல மே மாசப் புழுக்கத்துல ரொம்பக் கம்மி. ஆயிரக்கணக்குல விலை கொடுத்து அதை வாங்கி சென்னையில ஓடாதீங்க.

அடுத்தது ஓட்டக்காரங்க போடுற டி-ஷர்ட். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அதுவும் பாலியஸ்டர், நம்ம செக்யூரிட்டி அண்ணன் சட்டையும் பாலியஸ்டர். பாலியஸ்டர் இழை தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது. சாதாரணக் காற்றில் அதோட எடையில 0.4 சதவீதம் ஈரம்தான் பிடிக்கும். பருத்தி எட்டு சதவீதம் வரை பிடிக்கும். அப்புறம் எப்படி அது விளையாட்டு உடையாச்சு? இழையை உருண்டையா இல்லாம பள்ளம் பள்ளமா வார்க்கிறாங்க. விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி அந்தப் பள்ளங்கள் வழியா வியர்வை நகர்ந்து, துணியோட வெளிப்பக்கம் பரவிக் காயும். சில துணிகள்ல உள்பக்கம் தண்ணியை ஒட்டவிடாத இழை, வெளிப்பக்கம் தண்ணியை இழுக்கிற இழைன்னு ஒரே துணியில ரெண்டு முகமா பின்னுவாங்க. அக்குள், முதுகுப் பக்கம் மட்டும் வலைப்பின்னல். அப்போ எது வித்தியாசம்? இழையோட வடிவம், பின்னல், கனம், தளர்வு. அண்ணன் சட்டையில இருந்தது நெருக்கி நெய்த, அயர்ன் கலையாத கெட்டித் துணி.

"ஏன் டாக்டர், காட்டன் போட்டா முடிஞ்சது, எதுக்கு இவ்வளவு பேச்சு?" கேட்பீங்கன்னு தெரியும். உட்கார்ந்த வேலைக்கு மெல்லிய தளர்வான காட்டன் அருமை, நானே அதைத்தான் போடுறேன். ஆனா எட்டு மணி நேரம் வியர்த்துக் கொட்டுற வேலையில காட்டன் தொப்பலா நனைஞ்சு, கனத்து, உடம்போட ஒட்டிக்கும், காயவும் நேரமாகும். அதே நேரம் பாலியஸ்டர் பக்கமும் குறை இருக்கு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் பயிற்சி செய்ய வெச்சு, அவங்க டி-ஷர்ட்டை எல்லாம் மோந்து பார்க்க வெச்சாங்க (2014-ல் வெளியான ஆய்வு, நிஜமாத்தான்). பாலியஸ்டர்தான் அதிகம் நாறுச்சு, காட்டன் தப்பிச்சது. இறுக்கமான, காயாத உடுப்புக்குள்ள படர்தாமரையும் வேர்க்குருவும் சேர்ந்து குடித்தனம் பண்ணுறதை நான் தினமும் ஓ.பி.யில பார்க்கிறேன். அதுக்கு மெடிக்கல் ஷாப்ல சொந்தமா ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் பூசாதீங்க. அது தனி இழை, இன்னொரு நாள் திட்டுறேன்.

ஆக, நல்ல துணி, கெட்ட துணின்னு இழையை வெச்சு மட்டும் பிரிக்க முடியாது. எத்தனை அடுக்கு, எவ்வளவு இறுக்கம், பூச்சு இருக்கா, காத்து புகுதா, இதுதான் கேள்வி.

காத்தே புகலேன்னா என்ன ஆகும்? அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் சுமார் ஒரு மாசத்துக்குள்ள மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் செத்துப் போனாங்க. போட்டிக்கு எடை குறைக்க, காத்துப் புகாத உடுப்பு போட்டு, சூட்டுல கடுமையா உடற்பயிற்சி செஞ்சவங்க. வலுவான இளைஞர்கள்! 1998 ஜனவரியிலேயே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடுப்பைத் தடை பண்ணிட்டாங்க. அதே சமாச்சாரம்தான் இங்கே "சானா சூட்"னு ஜிம்லயும் ஆன்லைன்லயும் விக்குது. அதுல குறையிறது கொழுப்பு இல்லைங்க, தண்ணி. ரெண்டு சொம்பு குடிச்சா எடை திரும்பி வந்திடும். தயவு செஞ்சு தூக்கிப் போடுங்க.

ஜிம் பையனாவது தானா காசு கொடுத்து வாங்கிப் போடுறான். செக்யூரிட்டி அண்ணனுக்கு அதைச் சம்பளத்தோட சேர்த்து மாட்டி விடுறாங்க.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2020-ல் பி.பி.இ. கிட்டுக்குள்ள ஆறு மணி நேரம் நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தி. துணி மேல பிளாஸ்டிக் படலம் ஒட்டின உடுப்பு. கோயம்புத்தூர் சிட்ரா ஆய்வகத்துல செயற்கை ரத்தம் ஊற்றி, அது உள்ளே புகுதான்னு சோதிச்சுத்தான் அந்தத் துணிகளுக்குச் சான்று கொடுத்தாங்க. அது அவசியமான சோதனை, அதனாலதான் நாங்க உயிரோட இருக்கோம். ஆனா கையுறையைக் கழட்டினா மணிக்கட்டுல இருந்து தண்ணி ஊத்தும். தலை சுத்தி விழுந்த ஹவுஸ் சர்ஜன்களை நாங்களே தூக்கிட்டுப் போயிருக்கோம். அங்கே கிருமி இருந்தது, வேற வழியில்லை, சகிச்சோம். பார்க்கிங் வாசல்ல என்ன கிருமி இருக்கு? எதைத் தடுக்க அந்தப் பூச்சு? வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதானே! அதே பச்சை நிறத்துல, அதே ஒளிரும் பட்டையோட, வலைத்துணி ஜாக்கெட் கடையில கிடைக்குது.

"கம்பெனிக்கு ஒரு மிடுக்கு வேணாமா?" இதுதான் எனக்குக் கிடைச்ச பதில். கழுத்துப் பட்டன், டக் இன், பெல்ட் மூணும் சேர்ந்து செய்யுறது என்ன தெரியுமா? சட்டைக்குள்ள சூடான ஈரக்காத்து மேல வழியாவும் போகாம, கீழ வழியாவும் போகாம மூடி போடுது. உங்க மிடுக்குக்கு நீங்க ஏ.சி. அறையில கோட்டு மாட்டிக்குங்க.

ஜப்பான்ல இச்சிகாயா ஹிரோஷின்னு ஒருத்தர், சோனியில வேலை பார்த்த பொறியாளர், இடுப்புப் பக்கம் ரெண்டு சின்ன ஃபேன் வெச்ச ஜாக்கெட்டைக் கொண்டு வந்தார். சட்டைக்குள்ள காத்தை ஓட விட்டு வியர்வையைக் காய வைக்கும். அங்கே கட்டடத் தொழிலாளிங்க சாதாரணமாப் போட்டுக்கிட்டு வேலை செய்றாங்க. வேலையிடத்தில் வெப்பத் தாக்கத்துக்கு முன்னேற்பாடு செய்யறதை 2025 ஜூன்ல இருந்து அந்த நாடு முதலாளிகளுக்குச் சட்டக் கடமையாவே ஆக்கிடுச்சு. நான் நாளைக்கே எல்லாருக்கும் ஃபேன் ஜாக்கெட் கொடுங்கன்னு கேட்கலை. அரைக்கைச் சட்டை, இன் பண்ணாத தளர்வான துணி, வலை ஜாக்கெட், நனைஞ்சா மாத்திக்க இன்னொரு சட்டை, நிக்கிற இடத்துல நிழல், தண்ணி. இதுல எது கட்டுப்படியாகாது?

துணி கிடைக்காதுன்னு மட்டும் சொல்லாதீங்க. உலகத்துல பெரிய பெரிய பிராண்டுகளுக்குப் பின்னலாடை தைக்கிற திருப்பூர் நம்ம ஊர். யாரோ ஒருத்தர் வெளிநாட்டுப் பூங்காவில ஆசைக்கு ஓடுறதுக்கு வியர்வை உறிஞ்சுற சட்டை இங்கே இருந்து கப்பல் ஏறுது. பிழைப்புக்கு வியர்க்கிறவங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்.

சட்டத்துக்கும் வழி இருக்கு. கடைகள்ல வேலை செய்றவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சது. பேரிடர்னு ஒத்துக்கிட்ட பிறகு, அந்தப் பேரிடர்ல நிக்கிறவன் உடுப்பு எப்படி இருக்கணும்னு ஒரு விதி எழுத என்ன தயக்கம்? ஹெல்மெட்டுக்குத் தரம் இருக்கு, ஷூவுக்குத் தரம் இருக்கு. கோடையில வெளியே நிக்கிறவன் யூனிஃபார்மையும் அந்தப் பட்டியல்ல சேருங்க.

அந்த அண்ணன் பிழைச்சுக்கிட்டார். சிறுநீரகம் ஒரு வாரம் பயமுறுத்திட்டு வழிக்கு வந்தது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவர் மனைவி தயங்கித் தயங்கி வந்து நின்னாங்க. நன்றி சொல்லத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன். "டாக்டரம்மா, யூனிஃபார்மை வெட்டிட்டீங்களே, சம்பளத்துல பிடிச்சிடுவாங்க. ஆஸ்பத்திரியிலதான் வெட்டினாங்கன்னு ஒரு லெட்டர் எழுதித் தர முடியுமா?"

ஓ.பி. சீட்டோட பின்பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் கொடுத்தேன்.